மச்சான் வார்த்த கற்கள்

என் அக்காவின் புருசன் மேசன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவில் பிறந்து, கல்யாணமானதும் அதே லயத்தின் மறுகோடிக் காம்பராவில் குடித்தனம் வைத்தவர். பசறையிலும் பதுளையிலும் பல மாடி வீடுகளுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார். நாற்பது வயதைத் தாண்டும்வரை கடலைப் பார்த்ததில்லை. அவரைக் கடலுக்குக் கூட்டிப்போனது நான்தான்.

பதுளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் எனக்கு வேலை. கடைக்கு வந்துபோகிற சில இளைஞர்கள் சேர்ந்து, லீவு நாட்களில் மரம் நடுவது, ஓடையில் பிளாஸ்டிக் பொறுக்குவது என்று எதையாவது செய்துகொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். பொத்துவில் பக்கத்து மீனவப் பிள்ளைகளோடு அவர்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அங்கே கரைக்குக் கொஞ்சம் தள்ளிக் கடலடியில் முருகைக்கல் என்கிற பவளப்பாறை செத்து வெளுத்துக் கிடந்தது. தங்க இடமில்லாமல் மீனும் விலகிப் போயிருந்தது. கொங்கிரீட்டில் பொந்து பொந்தாகப் பெரிய கற்கள் வார்த்துக் கடலில் இறக்கினால், நாளடைவில் பாசியும் சிப்பியும் பிடித்து மீன் திரும்பும் என்றார்கள். சீமெந்துக்கு ஆள் கிடைத்தது, லொறிக்கும் ஆள் கிடைத்தது. வேலை தெரிந்த மேசன்தான் இல்லை.

மச்சானிடம் கேட்டேன்.

"கடலுக்குள்ளயா? யாருக்குப்பா அங்க வீடு?"

"மீனுக்குத்தான் மச்சான்."

அவர் சிரித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "போயிட்டு வாங்க. மீனுக்காவது ஒரு வீடு அமையட்டும்."

சித்திரை லீவில் போனோம். மொனராகலை தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. கரையில் இறங்கியதும் மற்றவர்கள் எல்லாரும் தண்ணீருக்கு ஓடினார்கள். மச்சான் மணலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார். "இந்தத் தண்ணிய கலவையில ஊத்திராதீங்கப்பா, உள்ள போட்ட கம்பி துருப்பிடிச்சிரும்" என்றார். கடலைப் பற்றி அன்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

வேலை நடந்த நாட்களில் கடலுக்கு முதுகைக் காட்டியே நின்றார். குமிழ் போன்ற அச்சு. அதற்குள் காற்றடைத்த பந்துகளைச் சொருகிக் கலவையைக் கொட்டி இறுக்குவோம். இறுகியபின் பந்தின் காற்றைத் திறந்துவிட்டால் அந்த இடம் பொந்தாகிவிடும். அச்சைக் கழற்றியதும் மச்சானுடைய கை தானாகவே கரண்டிக்குப் போகும். வழவழவென்று பூசத் தொடங்கிவிடுவார். அந்தக் கரையில் வளர்ந்த பையன் ஒருவன், எங்கள் கூட்டத்தில் கடலுக்குள் மூழ்கத் தெரிந்தவன் அவன்தான், ஓடிவந்து தடுப்பான்.

"பூசாதீங்க அண்ணன்! சொரசொரப்பாக் கிடந்தாத்தான் பாசி பிடிக்கும்."

"இப்பிடியே விட்டா பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"பாக்கிறது மீன்தானே அண்ணன்."

மச்சானுக்கு அது கடைசிவரை ஒப்பவில்லை. ஆனாலும் பூசாமல் விட்டார். ஈரச் சாக்குப் போட்டு மூடுவதற்கு மட்டும் யாரையும் நம்பவில்லை. வேகிற வெயிலில் தானே குடத்தைத் தூக்கிப்போய் ஒவ்வொரு கல்லாக நனைத்தார்.

கற்களை இறக்கிய நாளில் அவரால் வரமுடியவில்லை. பசறையில் வேலை இருந்தது. மூழ்கத் தெரிந்த அந்தப் பொத்துவில் பையன் இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். பச்சைத் தண்ணீருக்குள் எங்கள் கல். அதன் பொந்துக்குள்ளிருந்து வரி போட்ட சின்ன மீன்கள் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமையே மடுல்சீமைக்குப் போய் மச்சானிடம் காட்டினேன். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு லயம் முழுக்க நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இது நான் வார்த்தது, பாரு. இந்தா, இந்த ஓட்டைக்குள்ள பாரு" என்று காட்டினார்.

திரும்பி வந்தபோது அக்கா கேட்டாள்: "மீனெல்லாம் குடிபோயிருச்சி. நமக்கு எப்பங்க?"

"மீனு காணி கேக்குதா? நாம வீடு கட்ட காணிய கேக்குறோம். அதான் லேட்டு" என்றார். அன்று எல்லாரும் சிரித்தோம்.

அந்த வருசக் கடைசியில் மழை பிடித்தது. மலைநாட்டில் மழை புதிதல்ல. ஆனால் அந்த மழை நிற்கவே இல்லை. லயத்துக்குப் பின்னால் தேயிலை மலையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. எல்லாரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அக்காவும் மச்சானும் துணிமூட்டையோடு போய்விட்டார்கள். பகலில் மழை கொஞ்சம் விட்டதாம். பட்டியில் அவர்களுடைய மாடு கட்டிக் கிடந்தது. அவிழ்த்து விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று மச்சான் இறங்கிப் போயிருக்கிறார்.

மலை சரிந்த சத்தம் பள்ளிக்கூடம்வரை கேட்டது என்று அக்கா பிறகு சொன்னாள். லொறியில் கல் கொட்டுகிற சத்தம் என்று முதலில் நினைத்தாளாம்.

பதுளையில் எனக்குக் கரண்டும் இல்லை, போன் தொடர்பும் இல்லை. பசறை ரோட்டில் பஸ் ஓடவில்லை. மழை குறைந்ததும் நடக்கத் தொடங்கினேன். ரோடு இருந்த இடமெல்லாம் சிவப்புச் சேறு, வேரோடு கிடக்கும் மரங்கள். வழியில் எதிரே வந்த எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மச்சானைப் பல நாள் தோண்டித்தான் எடுத்தார்கள். மாட்டுக் கயிறு கையில் சுற்றியிருந்ததாம். அக்காவைப் பார்க்க விடவில்லை. நான்தான் அடையாளம் சொன்னேன். மாடு கிடைக்கவே இல்லை.

மாதங்கள் போயின. அக்கா அதே பள்ளிக்கூடத்து மண்டபத்தில் சேலைத் தடுப்புக்குள் இருந்தாள். வீடு தருவதாகச் சிலர் வந்து படம் எடுத்துப் போனார்கள். சித்திரை கழிந்த பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அந்தக் கல்ல எனக்குப் பாக்கணும்."

"அது கடலுக்குள்ள இருக்குக்கா."

"இருக்கட்டும். மேல நின்னு பாக்குறேன்."

கூட்டிப்போனேன். கரையில் எங்கள் ஆட்கள் மறுபடியும் அச்சை விரித்துப் புதுக் கற்கள் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் கண்டதும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். பொத்துவில் பையன் தன் வாப்பாவின் படகில் எங்களை ஏற்றினான். அக்கா படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தாள். தண்ணீர் தெளிவாக இல்லை. ஒன்றும் தெரியவில்லை. பையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தான். மேலே வந்து மூச்சு வாங்கினான், மறுபடி போனான். பிறகு படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினேன்.

அக்கா கேட்டாள்: "மீனு இருக்கா தம்பி?"

அவனுக்குப் பொய் வரவில்லை. "இல்லக்கா. அந்த மழையில ஆத்து வழியா வந்த மண்ணெல்லாம் இங்கதான் வந்து படிஞ்சிருக்கு. கல்லெல்லாம் மூடிப்போச்சு. ஒண்டு ரெண்டு கல்லுட தலை மட்டும் தெரியிது."

அக்கா விளிம்பைத் தாண்டிக் குனிந்து பார்த்தாள்.

"இங்கயுமா மண்ணு?" என்றாள்.

படகு திரும்பியது.

கரையில் எங்கள் கூட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, இந்த முறை ஆறு வந்து விழுற இடத்துக்கு ரொம்பத் தள்ளித்தான் இறக்கப் போறோம். ஒரு கல்லுல அண்ணன்ட பேர எழுதலாம்னு நெனச்சோம். நீங்க சரின்னு சொன்னா…"

அச்சில் கலவை ஈரமாக இருந்தது. எழுதுவதற்கு ஒரு ஆணியும் எடுத்து வைத்திருந்தார்கள்.

"வேணாம்மா" என்றாள் அக்கா. "மண்ணுக்குள்ள போனாலும் போகும். திருப்பியும் அவரு பேர மண்ணுக்குள்ள போட வேணாம்."

அந்தப் பெண்பிள்ளை தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொத்துவில் பையன் ஆணியைக் கீழே போட்டான். பேர் இல்லாமலே அந்தக் கல்லையும் சாக்குப் போட்டு மூடினார்கள்.

திரும்பும்போது பசறைக்கு முன்னால் ரோடு அறுந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸுக்கு நடக்கவேண்டியிருந்தது. ஒருபக்கம் உரித்துப்போட்டது மாதிரி மலை நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது பிடித்ததற்குப் பிறகு, அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. மேலே பார்க்காமல், காலடியை மட்டும் பார்த்து நடந்தாள்.

பசறையில் மடுல்சீமைக்குப் போகிற பஸ் நின்றிருந்தது. என்னோடு பதுளைக்கு வந்து ஒருநாள் தங்கிவிட்டுப் போகச் சொன்னேன்.

"காலையில பெரட்டுக்குப் போகணும், பேரு குடுத்தாத்தான் கொழுந்து வேலை" என்று ஏறிக்கொண்டாள்.