காலமானார் சன்னல்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வெறுங்கால்கள். ஆபீஸின் புதுக் கண்ணாடிக் கதவில் முழங்கால் உயரத்துக்கு மேலே கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே வெறும் கண்ணாடி. அந்த இடைவெளியில், வெயிலில் கொதித்த சிமெண்டுத் தரையில், சேறு காய்ந்து வெடித்த இரண்டு பாதங்கள் நின்றன. நிமிர்ந்து பார்த்தபோது கறுப்புத் தாளின் வழியே ஆளும் மங்கலாகத் தெரிந்தார். நாற்பது வயதிருக்கும். தலை ஈரம், தோளில் ஈரத்துண்டு, கையில் நான்காக மடித்த நோட்டுத் தாள். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு தினசரியின் திருச்சி அலுவலகத்தில் நான் உதவி நிருபர். அந்த அலுவலகத்தின் மேனேஜரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருக்கிறேன். அவர்மீது கொஞ்சமாவது மரியாதை வரட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மேனேஜர் ஸ்ரீரங்கத்துக்காரர். பளபளக்கும் கறுப்பு ஷூ இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை சென்னைக்குப் போய்விட்டு வந்தவர், அங்கே ஏதோ கம்பெனியின் வரவேற்பறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒரு மாதம் பேசினார். இரண்டாவது மாதம் டெக்கரேட்டர் வந்து இறங்கினார். கட்டிடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனிதர். கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் ஒரு பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருந்தார். மூன்று நாள் டேப்பைப் பிடித்துச் சுவர், தரை, கூரை எல்லாவற்றையும் அளந்தார். இந்த இடத்துக்கு யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேனேஜருக்கும் பதில் தெரிந்திருக்காது.

தெருவைப் பார்த்து ஒரு பெரிய கம்பிச் சன்னல் இருந்தது. அதன் கீழ்ப்பலகை முழங்கைகள் பட்டுப் பட்டுப் பள்ளமாகியிருந்தது. உள்பக்கம் விளம்பர குமாஸ்தா உட்கார்ந்திருப்பார்; பாலக்கரைக் கிறிஸ்தவர், முப்பது வருட சர்வீஸ். வீடு வாடகைக்கு, வரன் தேவை எல்லாம் உள்ளே வந்து கொடுப்பார்கள். காலமானார் அறிவிப்பு மட்டும் அந்தச் சன்னலில். லால்குடி, முசிறிப் பக்கத்திலிருந்து சாவு வீட்டு ஆள் பஸ் பிடித்து வருவார். தீட்டோடு ஒரு இடத்துக்குள் நுழையக் கூடாது என்று தெருவிலேயே நிற்பார். குமாஸ்தா அவரைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்லமாட்டார். சாவு வீட்டு ஆளை அப்படிக் கூப்பிடும் வழக்கமில்லை. கம்பி வழியே கையை மட்டும் நீட்டுவார். தாள் கைமாறும். படித்துப் பார்த்து, பெயரையும் ஊரையும் ஒருமுறை மெதுவாகக் கேட்டு உறுதி செய்துகொள்வார். வந்தவரும் ‘போயிட்டு வரேன்’ சொல்லாமல் திரும்பி நடப்பார். ஐந்து நிமிட வேலை. பார்க்க ஒன்றுமே இல்லை. அதனால்தானோ என்னவோ டெக்கரேட்டர் கண்ணில் அது படவில்லை. “இதென்ன, ரேஷன் கடை மாதிரி?” என்று கேட்டுவிட்டுச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்.

அடைத்த சுவரில் தெர்மாகோல் மலைக்கோட்டை முளைத்தது. கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க் கூரை வந்தது. எலிகள் அங்கே குடியேறின. மேசைக்கெல்லாம் மரத்தைப் போல நடிக்கும் சன்மைக்கா. மூலையில் பிளாஸ்டிக் செடி. அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார்கள், யாரும் தடுக்கவில்லை. யாரும் உட்காராத சிவப்பு சோபா. கதவைத் திறந்தால் நேர் எதிரே பெருமாள் படம், அதைச் சுற்றி ஓடும் சின்ன பல்புகள், முன்னால் அணையாத மின்விளக்கு. குமாஸ்தாவை ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். அவருடைய பழைய நாற்காலி ‘லுக்’கைக் கெடுக்கிறதாம். முப்பது வருடம் தெருவைப் பார்த்திருந்த மனிதர் கையகலத் தூரத்தில் ஒட்டுப்பலகையைப் பார்க்க ஆரம்பித்தார்.

புதுக் கதவு பகலில் வெளியே இருப்பவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகத்தான் தெரியும். காலேஜ் பையன்கள் நின்று தலை சீவிக்கொண்டு போவார்கள். அதனால் அன்று அந்த வெறுங்கால்காரர் நின்றபோது மேனேஜர் சொன்னார்: “பாருங்கோ, ஒருத்தர் மேக்கப்புக்கு வந்திருக்கார்.” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஈரத்துண்டைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தேன்.

ஐந்து மணிக்கு விளம்பரக் கவர் பஸ் ஏறிவிடும். பேப்பர் அச்சானது வெளியூரில். ஐந்தேகாலுக்குக் குமாஸ்தா டிபன் பாக்ஸோடு வெளியே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அவர் கையில் அந்த நோட்டுத் தாள் இருந்தது.

வந்தவர் லால்குடிக்காரர். முந்தின நாள் ராத்திரி அப்பா இறந்துவிட்டார். மூத்த மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போய் ஏழு வருடம்; லாரி ஓட்டுகிறான், எந்த ஊர் என்று தெரியாது. எங்கே இருந்தாலும் டீக்கடையில் எங்கள் பேப்பரைத்தான் பிரிப்பான் என்பது மட்டும் தெரியும். மூத்தவன் கையால்தான் கொள்ளி என்று கிழவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்காக ஐஸ் வைத்து, மறுநாள் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி வரை உடலை வைத்திருக்க ஏற்பாடு. தாளில் நான்கு வரி, செவ்வாய்க்கிழமைப் பேப்பருக்கென்று எழுதியது: ‘இன்று மாலை நான்கு மணிக்குத் தகனம். அண்ணன் எங்கிருந்தாலும் வரவும்.’

அச்சகத்துக்கு டிரங்க் கால் போட்டு அந்த நான்கு வரியைச் சொல்லிவிடலாம் என்று குமாஸ்தா கெஞ்சினார். டிரங்க் கால் செய்திக்குத்தான், விளம்பரத்துக்கு இல்லை என்றார் மேனேஜர். பிறகு எழுந்து கதவு வரை போய், அதைத் திறந்து பிடித்துக்கொண்டு, வெளியே நின்றவரிடம் கேட்டார்.

“ஒரு மணி நேரமா நிக்கறேளே, உள்ள வரவேண்டியதுதானே? கதவு என்ன பூட்டியா இருக்கு?”

லால்குடிக்காரர் மேனேஜரைத் தாண்டி உள்ளே பார்த்தார். பல்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

“சாமி இருக்குங்களே,” என்றார். “நான் சாவு வீட்டுலேர்ந்து வரேன். யாராச்சும் கை நீட்டுவீங்கன்னுதான் நின்னேன்.”

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவருக்குத் தீட்டு தெரியாதா என்று கேட்கலாம். வீட்டில் தெரியும். ஆபீஸில், குளிர்சாதனம் போட்ட பிறகு, தெரியவேண்டியதில்லை என்று நினைத்துவிட்டார். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் கூச்சம்தான் மிச்சத்தையும் கெடுத்தது. “கவலைப்படாதீங்கோ, நானே போட்டுடறேன்” என்று தாளை வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மாலை, படித்துப் பார்க்காமல், தன் கையாலேயே கவரில் போட்டார். புதன்கிழமைப் பேப்பரில் நான்கு வரியும் ஓர் எழுத்து மாறாமல் வந்தன. செவ்வாய்க்கிழமை இருட்டும் வரை பார்த்துவிட்டு இளையவரே கொள்ளி வைத்திருந்தார்.

வியாழக்கிழமை இன்னொருவர் கண்ணாடிக்கு வெளியே நின்றார். காக்கிச் சட்டை, மழித்த தலை, கையில் மடித்த பேப்பர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. குமாஸ்தாவும் நானும் வெளியே போனோம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரு சந்தேகம் மட்டுமே இருந்தது.

“நேத்துப் பேப்பர்ல இன்னிக்கு நாலு மணின்னு போட்டிருந்துச்சுங்க. நான் மூணு மணிக்கே போயிட்டேன்.”

குமாஸ்தா என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நான் உள்ளே வந்துவிட்டேன்.

மேனேஜர் நடவடிக்கை எடுத்தார். ‘காலமானார் அறிவிப்புகள் உள்ளே பெறப்படும்’ என்று கதவில் ஒரு போர்டு மாட்டினார். எழுத்து தங்க நிறம், டெக்கரேட்டர் தேர்ந்தெடுத்தது. குமாஸ்தா மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். முகப்பு கெடுகிறது என்று மேனேஜர் இரண்டு தடவை மெமோ கொடுத்தார். குமாஸ்தா இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார்.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். பேப்பர் ஆபீஸ் அங்கே இல்லை, செல்போன் கடை. பொய்க் கூரை, ஓடும் விளக்குகள், பிளாஸ்டிக் செடி. யாரோ புதிதாகக் கண்டுபிடித்தது போல எல்லாம் அப்படியே இருக்கின்றன. கதவு தானாகத் திறக்கிறது. வெளியே நிற்பவரை இப்போதும் உள்ளே இருப்பவர்கள் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

லால்குடிக்காரர் வந்து இரண்டு வருடம் கழித்து, ஒரு மாலை, அதே நான்கு மணி பத்து நிமிடம். நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கறுப்புத் தாளுக்குக் கீழே, வெறும் கண்ணாடிக்கு அப்பால், இரண்டு வெறுங்கால்கள். வெளுத்த, மெத்தென்ற பாதங்கள். சூடு பொறுக்காமல் ஒன்று மாற்றி ஒன்று தூக்கிக்கொண்டு நின்றன. மேலே ஈர வேஷ்டி, நாமம் இல்லாத நெற்றி. மேனேஜரின் தகப்பனார் அன்று காலை ஸ்ரீரங்கத்தில் இறந்துவிட்டார். தானே மாட்டிய போர்டுக்கு எதிரே, தெருவில், தாளை வைத்துக்கொண்டு நின்றார்.

குமாஸ்தா ஸ்டூலை விட்டு எழுந்தார். ‘வாங்க’ என்று சொல்லவில்லை. கையை நீட்டினார். பெயரை ஒருமுறை மெதுவாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். மேனேஜர் ‘போயிட்டு வரேன்’ சொல்லாமல் திரும்பி நடந்தார்.

அறிவிப்பு மறுநாள் காலைப் பேப்பரில் வந்தது.