மேடையேறிய சாமிகளும் மடுல்சீமைப் பாலமும்

மேடையில் பேசுகிற அரசியல்வாதிக்கு ஒரு கடவுள் போதும். அவர் பேச்சைச் சிங்களத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிற எனக்குத்தான் முப்பத்து முக்கோடி பேரின் தயவும் வேண்டியிருக்கிறது.

பதுளையில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடு ஒன்றில். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சுற்றறிக்கைகளை மொழிபெயர்க்கிற வேலை என்று நம்பித்தான் சேர்ந்தேன். ஆனால் தோட்டத்தில் கூட்டம் என்றால் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், பேசுகிறவரின் இடது தோளுக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். மாலை அவருக்கு, மாலையிலிருந்து இறங்கி வரும் எறும்பு எனக்கு. மாமியாருக்கும் கணவனுக்கும் நடுவில், முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட வாசகர்களே, நீங்களும் என் கட்சிதான்.

நான் சொல்லப்போகிற கதைகளில் எல்லாம் முத்துலெட்சுமி அக்கா எப்படியாவது வந்துவிடுவார். மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிஷனில் கொழுந்து பறிக்கிறவர். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே இரண்டு மரக்கட்டைகள் கிடக்கும். பிள்ளைகள் அதன்மேல் நடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். போன மழைக்கு அக்காவின் சின்ன மகள் கட்டையிலிருந்து வழுக்கி விழுந்தாள். கரையோரத்துச் செடி ஒன்று கைக்குச் சிக்கியதால் பிழைத்தாள். அன்றிலிருந்து எந்தக் கூட்டமானாலும் அக்கா முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்து, கடைசியில் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "பாலம் எப்பங்க?"

அழைப்பிதழ் இல்லாதவர்

நம் நாட்டில் எந்த அரச விழாவானாலும் நான்கு சமயத்துக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். மடுல்சீமையில் ஒரு பொது மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பௌத்த பிக்கு பிரித் ஓதினார். ஐயர் மந்திரம் சொன்னார். மௌலவி துஆ கேட்டார். பாதர் செபித்தார். ஒருவர் கொஞ்சம் நீட்டினால் அடுத்தவர் குறைத்துக்கொள்வாரா? தம் சமயத்துக்கு மரியாதைக் குறைவு ஆகிவிடுமே! அதற்குள் நமுனுகுலை மலைப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்து மந்திரி ஐயா ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாத் தெய்வங்களின் ஆசியோடும்..." என்று ஆரம்பித்தார். அதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கொட்டிவிட்டது. மேடையில் இருந்த அத்தனை பேரும், நான்கு சமயத் தலைவர்கள் உட்பட, தேயிலை ஸ்டோரின் ஒரே கூரைக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். அப்படி ஒரு சமய ஒற்றுமையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்குப் பக்கத்தில், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்ற முத்துலெட்சுமி அக்கா சொன்னார்: "நாலு சாமிக்கும் கார்டு குடுத்தீங்க மிஸ், கார்டு குடுக்காத வருண பகவான்தான் மொத ஆளா வந்திருக்காரு!"

சாமி இல்லாத மேடை

எல்ல என்ற சுற்றுலா ஊரில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர், கீழ் டிவிஷன் பாலர் பாடசாலைக்குப் புத்தகங்கள் கொண்டுவந்தார்கள். அந்தக் கட்டையைத் தாண்ட அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டின. அமெரிக்காக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். முடிக்கும்போது, "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்றார். தங்கள் நாட்டு ஜனாதிபதிகளும் பேச்சை இப்படித்தான் முடிப்பார்கள் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்துக் காட்டினார். 'கடவுளை நம்புகிறோம்' என்று அதில் அச்சடித்திருந்தது. நோட்டு கைமாறிக் கைமாறி ஒழுங்காக அவரிடமே திரும்பி வந்தது.

அடுத்து ஒரு பிரான்ஸ் நாட்டுப் பெண்மணி. தங்கள் நாட்டில் அரசாங்கம் வேறு, கடவுள் வேறு என்றார். பதவியில் இருப்பவர் மேடையில் கடவுளைக் கூப்பிட்டால் மறுநாள் பத்திரிகைகள் கிழித்துவிடும், சாமி கும்பிடுவது அவரவர் வீட்டோடு சரி என்று விளக்கினார். நானும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கோபம் என்று நினைத்தேன். இல்லை, பரிதாபமாம். முத்துலெட்சுமி அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்கச் சொன்னார்: "ஐயோ பாவம், அப்ப ஓட்டு கேக்க வாறவங்க அந்த ஊர்ல யாரு மேல சத்தியம் பண்ணுவாங்க?"

ஆண்டவன் மீது, மனச்சாட்சி மீது

எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். உலக விஷயம் எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுவார். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம், கைபேசியில் தமிழ்நாட்டு அமைச்சர்கள் பதவியேற்கிற காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சிலர் ஆண்டவன் மீது ஆணையிட்டார்கள், சிலர் உளமார உறுதி கூறினார்கள். எங்கள் ஜீப் சாரதிக்கு இது புதுச் செய்தி. கடவுள் பெயர் சொல்லாமலும் மந்திரியாகலாமா என்று வாயைப் பிளந்தார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். இங்கிலாந்தில் தேசிய கீதமே ராஜாவைக் காப்பாற்றச் சொல்லிக் கடவுளிடம் வைக்கிற விண்ணப்பம்தான் என்றார். சில நாட்டு அரசியல் யாப்பு கடவுள் பெயரோடுதான் தொடங்கும் என்றார். சிலவற்றில் தேடினாலும் அந்தப் பெயர் கிடைக்காது என்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் பொறுக்கமாட்டாமல், "அப்படின்னா எந்த நாட்டு முறை நல்லது ஐயா?" என்று கேட்டேன். அவர் தம் மேசையில் நெடுநாளாகக் கிடந்த மடுல்சீமைப் பாலத்துப் பைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்: "கடவுள் எண்டு சொல்லிப் பதவி எடுத்தாலும் சரி, மனச்சாட்சி எண்டு சொல்லி எடுத்தாலும் சரி, பைல் தானா எழும்பி நடக்காது பிள்ளை. நீர் சோத்தைச் சாப்பிடும்."

இரண்டு கட்சி, ஒரு கடை

எதிரிக்குச் சாபம் கொடுக்கக் கோயில் வாசலில் தேங்காய் உடைப்பது நம் அரசியலில் பழகிப்போன காட்சி. பதுளையில் காலையில் ஒரு கட்சி வந்து, பாலம் கட்டாதவர்களைத் தெய்வம் கேட்கட்டும் என்று உடைத்தது. மத்தியானம் மற்றக் கட்சி வந்து, பாலம் கட்ட விடாதவர்களைத் தெய்வம் கேட்கட்டும் என்று உடைத்தது. இரண்டுமே எங்கள் மடுல்சீமைப் பாலம்தான். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த என்னைத் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் மறித்து, சாபத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். எனக்கு உள்ளூரப் பயம். சாபம் இட்டவரை விட்டுவிட்டு மொழிபெயர்த்தவளைப் பிடித்துக்கொண்டால்? செருப்பைக் கழற்றிவிட்டு, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்லி முடித்தேன்.

இருவரில் யார் பக்கம் நியாயம் இருக்கும் என்று வாசலில் தேங்காய்க் கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். அவர் வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: "சாமி யாரு பக்கம்னு எனக்குத் தெரியாது மிஸ், ஆனா ரெண்டு கட்சியும் எம் பக்கம்தான்!"

சூடம்

ஐப்பசி மழைக்குக் கொஞ்ச காலமே இருந்தபோது மந்திரி ஐயா மறுபடியும் கீழ் டிவிஷனுக்கு வந்தார். இந்த முறை மேடை மாரியம்மன் கோயில் முற்றத்தில். அக்கா வழக்கம்போல எழுந்து கேட்டார். அவரும் வழக்கம்போலக் கையை உயர்த்தி, "கதிர்காமத் தெய்வம் சாட்சியாகச் சொல்கிறேன், லொறி போகிற மாதிரிப் பெரிய பாலம், இந்த மழைக்கு முன்னால்!" என்றார். நான் தமிழில் சொன்னேன். கைதட்டல் அடங்குவதற்குள் அக்கா கோயிலுக்குள் போனார். தட்டில் சூடத்தைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு நேரே மேடைக்கு ஏறினார்.

மந்திரி ஐயாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தமக்கு ஆரத்தி எடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். தோட்டத்துக் கோயில்களுக்கு வந்து பழகியவர் அல்லவா, சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினார். அக்கா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "ஒத்திக்கிறதுக்கு இல்லீங்க, அணைக்கிறதுக்கு" என்றார். மந்திரி ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஆட்களிடம் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுவது விளையாட்டில்லை. சொன்னது பொய்த்தால் அம்மன் குடும்பத்தையே கேட்பாள் என்பது நம்பிக்கை. அதை அவர் காதில் மெல்லச் சொன்னேன். நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் சுடரைப் பார்த்தபடியே, என்னைத் தங்கையாக்கிச் சிங்களத்தில் சொன்னார்: "நங்கி, தெய்வத்தின் பெயரை எங்கேயும் சொல்லலாம். தெய்வத்திடமே சொல்வது கஷ்டம்."

அதற்குப் பிறகு நடந்ததை என் வேலைக்காலத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. மேடையில் நின்றபடியே அவர் கீழே இருந்த பொறியியலாளரைக் கூப்பிட்டு, உண்மையில் என்ன முடியும் என்று கேட்டார்! இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். சூடம் கரைந்துகொண்டிருந்தது. அக்கா முந்தானையில் முடிந்திருந்த இன்னொரு கட்டியை எடுத்துப் போட்டார். மந்திரி ஐயா ஒலிவாங்கிக்குத் திரும்பினார். லொறிப் பாலம் இப்போதைக்கு முடியாது, ஆள் நடக்கிற இரும்புப் பாலம் மழைக்கு முன்னால் முடியும் என்றார். அவ்வளவுதான். மொழிபெயர்க்க இவ்வளவு சுலபமான பேச்சு எனக்குக் கிடைத்ததேயில்லை. உள்ளங்கையால் சுடரை அணைத்தார். யாரும் கைதட்டவில்லை, பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாலம் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. திறப்பு விழாவன்று, அக்காவின் சின்ன மகள்தான் முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுப்பாலம்வரை ஓடி, கீழே தண்ணீரைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மந்திரி ஐயா பேசினார். பேச்சின் முடிவில் வழக்கமான இடத்துக்கு வந்ததும், முன்வரிசையைப் பார்த்தார். "நன்றி, வணக்கம்" என்று தமிழிலேயே சொல்லி உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் பதுளை டவுன் கூட்டத்தில் அவருடைய தெய்வங்கள் எல்லாம் பழையபடி மேடைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவேயில்லை: "டவுன்ல சாமி தூரமா இருக்கும் மிஸ், இங்க அம்மா எட்டிப் பாக்குற தூரத்துல இருக்கா!"

இப்போதெல்லாம் எந்த நாட்டுத் தலைவர் தொலைக்காட்சியில் கடவுள் பெயரைச் சொல்லிப் பேச்சை முடித்தாலும், பக்கத்தில் யாராவது சூடத் தட்டோடு நிற்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.