சாமி படத்துக்குப் பக்கத்தில் இரண்டு அமெரிக்கர்கள்

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு அமெரிக்கர்கள் இருந்தார்கள். சைக்கிளில் போய்க்கொண்டே ஒருவர் கையை ஒருவர் பிடித்திருப்பார்கள். பக்தியில் யாரும் ஒட்டவில்லை, குளிருக்கு ஒட்டியது. பலகைச் சுவர் இடுக்கில் கேமரன் மலைக் காற்று புகுந்து எலும்பைத் தொடும். அதனால் எஸ்டேட்டில் எல்லா வீட்டிலும் மாவுப் பசை காய்ச்சி, கிடைக்கிற காகிதத்தையெல்லாம் சுவரில் ஒட்டுவோம். துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்த எங்கள் மாமா பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைக் கட்டாகக் கொண்டுவந்து தருவார். அடுத்த வீட்டுக்கு ஒரு கப்பலும் ஒரு ராணியும் கிடைத்தார்கள். எங்களுக்கு இந்த இரண்டு பேர்.

படம் நான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முந்தியது. பெரிய கொட்டகைக்குள்ளே பலகையால் செய்த சைக்கிள் பாதை, ஓரமெல்லாம் தூக்கிக் கட்டியது, ஒரு பெரிய கிண்ணம்தான். சுற்றிலும் தொப்பி போட்ட ஆண்கள், மேலே சுருட்டுப் புகை. சோறு சாப்பிடும்போதெல்லாம் அதைப் பார்த்தே சாப்பிட்டவள் நான். அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறதென்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கச் சைக்கிள் பந்தயம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், பிறந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு நெஞ்சு கனத்துப்போகும். சிரித்தால் சிரியுங்கள்.

படத்தின் கீழே இருந்த எழுத்தை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒரு தீபாவளிக்கு வந்தபோது படித்துச் சொன்னார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஓட்டுகிற பந்தயமாம். ஆதியில் ஆறு நாள் இழுத்துக்கொண்டு போகுமாம். ஒருத்தர் வேகமாக ஓட்ட, கூட்டாளி மேலே மெல்லச் சுற்றி மூச்சு வாங்குவாராம். ஓட்டினவர் களைத்துப்போனால், கூட்டாளியின் கையைப் பிடித்து முன்னால் வீசிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்வாராம். என் அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதே எனக்குத் தெரியும், இவனுக்குப் பிடித்துவிட்டது என்று.

எழுபதுகளின் நடுவில் அது. தேயிலை ஆலைக்குப் பின்னால் இருந்த பாடாங் திடலில்தான் எங்கள் பந்து விளையாட்டு, கூத்து எல்லாம். மலையில் சமமான இடம் என்று இருந்தது அது ஒன்றுதான். அதன் இரண்டு முனையிலும் மண்ணைக் கொட்டி, படத்தில் இருந்த மாதிரியே ஓரத்தைத் தூக்கி வளைவு கட்டுவது என்று இளவட்டங்கள் முடிவு செய்தார்கள். ஞாயிறுதோறும் கோத்தோங் ரோயோங், ஊரே கூடிச் செய்கிற வேலை. மலையை வெட்டிப் படி போட்டுத் தேயிலை நட்ட ஜனங்களுக்கு மண்மேடு கட்ட யார் சொல்லித்தர வேண்டும்? ஆண்கள் வெட்டினார்கள், நாங்கள் கொழுந்துக் கூடையில் மண் சுமந்தோம். கூடையைப் பாழாக்கியதற்குத் துரை சத்தம் போட்டார், பிறகு அவரே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

மண் கட்டியாயிற்று. ஆனால் எங்கள் மலையில் மத்தியானம் ஆனால் மழை. செம்மண் வளைவு வழவழவென்று ஆகிவிடும். ஆலை அடுப்பில் விழும் சாம்பலையும் கரித்துண்டையும் வாரிக் கொட்டிப் பரப்பினோம். பாதை கறுப்பாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் சாம்பலை அமுக்க வேண்டுமே. உருளையைச் சரிவில் ஏற்றினால் அது ஆளையும் சேர்த்துக் கீழே இழுத்தது. கடைசியில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். சைக்கிளில் ஏறி ஒவ்வொரு கோடாகச் சுற்றிச் சுற்றி டயரால் அமுக்குவது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் செய்ய வேண்டிய வேலை. சலிப்பான வேலை. அதனால் என் தலையில் கட்டினான்.

அதுவரை நான் சைக்கிளைத் தொட்டதில்லை. எங்கள் மலைரோட்டில் பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட மாட்டார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கியா பார்மிலிருந்து கோசு ஏற்றிக்கொண்டு இறங்கும் லோரிகள். நான் ஓட்டக் கற்றதே அந்தப் பாதையில்தான், அதுவும் பந்தயச் சைக்கிளில். தானா ராத்தா டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, பழைய சைக்கிள்களின் பின்சக்கரப் பல்லை ஒட்டவைத்து, பிரேக்கைக் கழற்றிக் கொடுத்திருந்தார். சக்கரம் சுற்றினால் மிதியும் சுற்றும். காலை நிறுத்த முடியாது. ஒரு வாரத்தில் விழுவதை நிறுத்தினேன். ஒரு மாதத்தில் சாம்பல் அமுங்கியதோ இல்லையோ, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேகமாகப் போனால் அந்த வளைவு நம்மைத் தானே தூக்கி வைத்துக்கொள்ளும். அந்தச் சுகத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லும்? வேலைதானே செய்கிறேன். பெண்பிள்ளை வேலையென்று எதைச் செய்தாலும் எங்கள் ஆட்களுக்குக் கண்ணில் படாது.

இளவட்டங்களோ விழுந்துகொண்டே இருந்தார்கள். காரணம் இருந்தது. அவர்கள் பிறந்ததிலிருந்து மலைரோட்டில் ஓட்டினவர்கள். ஏற்றத்தில் உருட்டிக்கொண்டு போவார்கள், இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு வருவார்கள். இறக்கத்தில் மிதிப்பவனை எங்கள் ஊரில் கிறுக்கன் என்பார்கள். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிப்போனது. வளைவிலிருந்து கீழே இறங்கும்போது கால் தன்னால் நின்றுவிடும். மிதி நிற்காது. ஆளைத் தூக்கி எறியும். கீழே தாப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கோளாறு கிடையாது, அவர்கள் ஊர் சமதரை. எனக்கும் கிடையாது. நான் மலையில் ஓட்டினதே இல்லையே.

அந்த வருடம் தொழிலாளர் தின விளையாட்டுக்குக் கீழேயிருந்து தாப்பா டவுன் பையன்கள் ஜோடி ஜோடியாக வருவதாக ஏற்பாடு. கடைசி ஆட்டம், சுவரில் இருக்கிற அந்த அமெரிக்கப் பந்தயம். அண்ணனுக்கு ஜோடி, காய்கறி லோரியில் கெலிண்டானாக, டிரைவருக்குத் துணையாகப் போகிறவன். விளையாட்டுக்கு முந்தின ஞாயிறு அவன் வளைவில் இறங்கும்போது காலை நிறுத்தினான். தோள் காறையெலும்பு முறிந்துபோயிற்று.

அண்ணன் இரண்டு நாள் லயம் லயமாக அலைந்து வேறு ஆளைத் தேடினான். எவன் வந்தாலும் காலை நிறுத்துகிறவன்தான். மூன்றாம் நாள் நான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்ததும் நேராகக் கேட்டேன்.

"நான் வரேண்ணே."

அவன் சிரிக்கவில்லை. அதுதான் என் அண்ணன். "அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டான்.

எங்கள் அப்பா கங்காணி. மலையில் அவர் இருமினால் கொழுந்து பறிக்கிற கை வேகமாகும். ஊர் முன்னால் ஓர் ஆணின் கையைப் பிடிப்பதென்றால் அது தாலி கட்டினவனாக இருக்க வேண்டும், இல்லை கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும். அண்ணன் என்பதால் கைக்குத் தடை இல்லை. தடை காலுக்கு. கால்சட்டை போட்டுக்கொண்டு, கீழூர்ப் பையன்கள் நடுவில், மைக் வைத்து அறிவிக்கிற பந்தயத்தில் பெண் ஓட்டுவதா? அப்பா கத்தவில்லை. "ஓட்டுறதுன்னா ஓட்டட்டும். நான் பாக்கமாட்டேன்" என்றார். அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம். எனக்கு ஜெயிப்பதுகூட அவ்வளவு முக்கியமில்லை. அவர் பார்க்க வேண்டும். நான் செய்கிற ஒரு காரியத்தையாவது அந்த மனுஷன் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அம்மா மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "இத்தனை நாளா சாம்பல அமுக்கன்னு அதே இடத்துலதான் சுத்துனா. அப்ப யாரு கண்ணும் அவிஞ்சி போகலயே."

அண்ணனின் பழைய கால்சட்டை, ரப்பர் அடி வைத்த கித்தா சப்பாத்து, தலையில் கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற துணி. அதுதான் என் கோலம். பாடாங் நிறைய ஜனம். கம்போங் ராஜாவிலிருந்துகூட வந்திருந்தார்கள். ரொட்டிக்கடை மாமாக் ஓரமாக அடுப்பு வைத்திருந்தார். கீழூர்ப் பையன்களின் சைக்கிள்கள் கண்ணைப் பறித்தன. எங்களைப் பார்த்து ஒருவன், "என்னாப்பா, சமையலுக்கு ஆள் கொண்டாந்துட்டீங்களா" என்றான். நான் அவன் மூஞ்சியை நன்றாக மனதில் பதித்துக்கொண்டேன்.

அப்பாவைத் தேடினேன். சொன்னபடியே செய்தார். தூரத்தில், ஆலைச் சன்னலோரமாக, பாதைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு. அந்த முதுகை மறக்க முடியுமா?

ஏற்பாடு சுலபம். அண்ணன்தான் அதிகம் ஓட்டுவான். அவன் மூச்சு வாங்குகிற நேரத்துக்கு மட்டும் நான் இடத்தை விட்டுவிடாமல் ஓட்ட வேண்டும். விழாமல் இருந்தால் போதும் என்று பலமுறை சொன்னான். பாதி வரை அப்படித்தான் போயிற்று. அவன் பின்னாலிருந்து வந்து என் கையைப் பிடித்து வீசும்போதெல்லாம் கூட்டம் ஓவென்று கத்தும். படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆன காரியம், என் தோளில் வந்து இறங்கியது. ஒவ்வொரு தடவையும் முதுகு திரும்பியிருக்கிறதா என்று ஆலைப் பக்கம் பார்த்தேன். இல்லை.

பிறகு நடக்கக் கூடாதது நடந்தது. அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். களைப்பு. வளைவிலிருந்து இறங்கினான். எங்கள் எஸ்டேட்டின் சிறந்த ஓட்டக்காரன், அவன் காலும் நின்றுவிட்டது. மலைக்காரன் கால்தானே. மிதி அவனைத் தூக்கி ஆட்டியது, முழங்காலுக்குக் கீழே அடித்தது. விழவில்லை, எப்படியோ பிடித்துக்கொண்டான். ஆனால் மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். மேலே சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்தபோது அவன் சப்பாத்தில் ரத்தம். கையைப் பிடித்தான். எப்போதும் இல்லாத இழுப்பு.

"நீயே போ, பாப்பா. முடிச்சிட்டு வா."

போனேன். மிச்சச் சுற்று முழுக்க நான்தான். அப்பாவைப் பார்க்க நேரமில்லை. சாம்பலில் எந்தக் கோடு இறுகினது, எந்தக் கோடு பொலபொலவென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும், அமுக்கினது நான். உச்சியில் ஏறி இறங்குகிற இடத்தில் கீழூர்ப் பையன்கள் பயந்து மெதுவாகிறார்கள், அங்கேதான் நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மிதித்தேன். ஒவ்வொருவராகத் தாண்டினேன். சமையல் ஆள் என்றவனை அவன் முழங்கையை உரசிக்கொண்டு தாண்டினேன். ஒரே ஒரு ஜோடியை மட்டும் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது இடம். இரண்டாவது என்று தலைகுனிந்து சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒட்டவைத்த சக்கரப் பல்லும் கடன் வாங்கின கால்சட்டையுமாக எங்கள் மலை இரண்டாவது வந்தது.

அண்ணன் நொண்டிக்கொண்டே வந்து என் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடாங்கை ஒரு சுற்றுச் சுற்றினான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஆலைப் பக்கம் பார்த்தேன். சன்னலோரம் காலியாக இருந்தது. அப்பா போய்விட்டிருந்தார். பரிசுக் கிண்ணத்தை அம்மா கையில் திணித்தேன். வீட்டிலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், யாரை நொந்து என்ன பயன்?

எண்பதுகளில் அந்தப் பாடாங்கில் தேயிலை நாற்று போட்டார்கள். வளைவு மேட்டை மட்டும் உடைக்க மனமில்லாமல் அதன்மேலேயே நட்டார்கள். நான் கல்யாணமாகி இரண்டு லயம் தள்ளிக் குடிபோனேன். ஒரு நாள் சாயங்காலம் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது, வாசலிலேயே அவர் குரல் கேட்டது. புதிதாக வேலைக்கு வந்த கிராணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுவரில் இருப்பது யார் என்று கேட்டார் போலிருக்கிறது.

"அமெரிக்காக்காரனுங்க" என்றார் அப்பா. "அந்தக் காலத்துல பெரிய ஓட்டக்காரங்களாம். அந்த முன்னால போறவன் இருக்கான் பாருங்க, எறக்கத்துல தலையக் கவுத்துக்கிட்டு மிதிப்பான். அசல் எங்க பாப்பா மாதிரியே ஓட்டுவான் லா."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இறக்கத்தில் நான் தலையைக் கவிழ்த்து மிதித்தது அந்தக் கடைசிச் சுற்றுகளில் மட்டும்தான்.