மீன்பிடிப் படகுக்குச் சாமான் ஏற்றியவன் பட்ட பாடு

மறந்துபோன சாமானை நடுக்கடலில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு வாடகைப் படகு தயார் செய்யும் வேலையில் இதுதான் முதல் பாடம். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த சமயம் நான் மலாக்காவில் அந்த வேலை பார்த்தேன். படகு ஒரு ராவுத்தர் முதலாளியுடையது. ஓட்டுவது பாக் டின் என்ற மலாய்க்காரர். ஐஸ், இரை, தூண்டில், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, ஆற்றுமுகத்துப் படகுத்துறையான ஜெட்டியில் நின்று கையசைப்பது நான். கடலுக்குள் போனதே இல்லை; அலையைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும்.

அப்போது பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். தரகர், "பையன் ஆழ்கடலிலேயே கிடப்பவன்" என்று அளந்துவிட்டிருந்தார். பெண்ணின் புகைப்படத்தைப் பார்த்த நாளிலிருந்து, இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று தவியாய்த் தவித்தேன். நாலு பேர் முன்னால் அசடு வழிந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். மீதியை உங்களை நம்பித்தான் சொல்கிறேன்.

வழியில் சாமி

ஐஸ் கட்டியை மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். காஜா பேராங் சாலையில் செட்டிகள் கோயில் சாமி ஊர்வலம் எதிரே வந்தது. சாமிக்குக் குறுக்கே சைக்கிள் விடலாமா? இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி நின்றேன். சாமி வீட்டுக்கு வீடு நின்று அர்ச்சனை வாங்கிக்கொண்டு வந்தது. என் பக்திக்குக் குறைவில்லை. பின்னால் ஐஸ்தான் குறைந்துகொண்டே போனது.

ஜெட்டியில் சாக்கைப் பிரித்தால் உள்ளே செங்கல் அளவுக்கு ஏதோ கிடந்தது. கிளம்பத் தயாராக நின்ற பள்ளிக்கூட வாத்தியார்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. அவர்களில் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "இது மீனுக்கா தம்பி, இல்ல சர்பத்துக்கா?"

எலுமிச்சம்பழம்

படகுக்குப் புது எஞ்சின் பொருத்தினார்கள். முதலாளி துஆ ஓதி முடித்தார். நம் பங்குக்கும் ஏதாவது செய்வோமே என்று நான் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். லாரிக்காரர்கள் சக்கரத்தடியில் வைத்து ஏற்றுவார்களே, அதே நினைப்பு. படகின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது. பழத்தை எங்கே வைப்பது?

விட்டேனா? ஜெட்டிப் பலகை ஓரத்தில், படகு உரசுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன். படகு அசைந்ததும் இரண்டும் ஆற்றில் விழுந்து, படகுக்கு முன்னாலேயே கடலைப் பார்த்து மிதந்து போயின. வாடிக்கைக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். பாக் டின் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "தம்பி, அடுத்த தடவ நாலு சக்கரமும் வாங்கிட்டு வா லா."

புரட்டாசி இறால்

தூண்டிலுக்கு இறாலை முதல் நாளே வாங்கி, ஐஸ் போட்ட டின்னில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வைப்பது வழக்கம். புரட்டாசி பிறந்ததும் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் கவுச்சி வாசமே இந்தப் பக்கம் வரக்கூடாது." டின்னைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சலேஹாவிடம் கொடுத்தேன். எதற்கு என்று சொல்ல மறந்தேன். விரத மாதத்தில் அண்டை வீட்டார் கொடுத்தனுப்பிய இறாலை அவர் வேறென்னவென்று நினைப்பார்?

விடிந்ததும் டின் திரும்பி வந்தது. விரதத்தில் இருப்பவன் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேனா? அப்படியே படகில் ஏற்றினேன். சீமைக்குத் திரும்பப் போகிற ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை, கடைசியாக ஒரு தடவை மீன் பிடித்துப் பார்க்க வந்திருந்தார். சாயங்காலம் மீன் வாசமே இல்லாமல் திரும்பினார். டின்னில் இருந்தது சலேஹா மிளகாய் அரைத்துச் சமைத்துத் தந்த சம்பால் இறாலாம். துரை காலி டின்னை என் கையில் கொடுத்து, தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "ரொம்ப நல்ல சம்பால். மீனுக்குக் கொடுக்க நமக்கு மனசு வரல்ல."

வந்த விருந்தாளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிகள் சிலர் படகு பேசி வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணின் அப்பா, தணிகாசலம். ஐஸ், இரை, தண்ணீர் எல்லாம் சரியாக ஏற்றிவிட்டு, தப்பித்தோம் என்று கையசைக்கப் போனேன். "தம்பி வரலியா? கடல்லியே கெடப்பீங்கன்னு தரகர் சொன்னாரே" என்றார் தணிகாசலம். பாக் டின் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஏறினேன்.

பூலாவ் பெசார் தீவு வருவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. வரப்போகிற மாமனார் என் நெற்றியைப் பிடித்துக்கொள்ள, அவருடைய வெள்ளைச் சட்டையிலேயே வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு இரை மாட்டியதும் சோறு பரிமாறியதும் அவர்தான். நான் சாக்குமேல் சுருண்டு கிடந்தேன். தரகரின் பொய் அம்பலமாகிவிட்டது, பெண் போயே போய்விட்டாள் என்று அழுகை முட்டியது. கடலிலேயே விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எழுந்து நிற்கத்தான் தெம்பில்லை.

ஜெட்டியில் என்னைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டுத் தணிகாசலம் சொன்னார்: "வேணாம்னு சொல்லிடலாம்னுதான் வந்தேன். கடல்லியே கெடக்குற ஆளுக்குக் குடுத்தா எம்பொண்ணு வீட்டுல தனியா கெடந்து பயந்து சாவாளேன்னு இருந்துச்சு. இனி அந்தக் கவல இல்ல, நாள் பாத்துடலாம் மாப்பிள்ள."

ஆக, அந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் வாந்தி எடுத்ததுதான்.