போறணை அணைந்த நாள்

1. நிறுத்த முடியாத நெருப்பு

முதலாளி இறந்த காலையில் என்னிடம் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. "போறணைய என்ன செய்யப்போறாய்?" என்றுதான் கேட்டார்கள்.

வவுணதீவுப் பக்கம் வாவிக்கரையில் முதலாளியின் வீடும் கண்ணாடிப் போளை செய்யும் பக்டரியும் ஒரே வளவில் இருந்தன. பிள்ளைகள் குழி தோண்டி அடித்து விளையாடுகிற போளைதான். இப்போது மாபிள் என்கிறார்கள். காத்தான்குடியிலிருந்து உடைந்த போத்தல் லொறியில் வரும். அதைப் போறணையில், அந்தப் பெரிய உலையில், உருக்குவோம். உருகி வழிகிற கண்ணாடியை மெஷின் கத்தரி துண்டு துண்டாக நறுக்க, ரோலரில் உருண்டு போளையாகி விழும். நான் போறணைக்கு நெருப்பு விடுகிற பேர்னரைப் பார்க்கிறவன்.

போறணையை மூட்டினால் மூட்டினதுதான். வெள்ளம் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அணைக்க முடியாது. உள்ளே கிடக்கும் கண்ணாடி இறுகிச் சுருங்கும்போது உட்செங்கல்லையும் பிளந்துவிடும். அந்தச் செங்கல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எங்களுக்கு அது கைக்கெட்டாத காரியம். ஆகவே, அணைத்தால் பக்டரி முடிந்தது.

2. பந்தலில்

செத்த வீட்டு வளவில் உடல் போகும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. மகன் கட்டாரிலிருந்து வரவேண்டும், அதுவரை உடல் கிடக்கும். பின்னால் புகைபோக்கியில் புகை போய்க்கொண்டிருந்தது. பந்தலில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் கிடக்கிறார், பின்னால நெருப்பெரியுது. இது நல்லாவா இருக்கு, குணம்?" என்றார் ஒருவர். குணம் முதலாளியின் தம்பி. விற்பனை முழுவதும் அவன் பொறுப்பு.

"அது சோறு காய்ச்சுற நெருப்பில்ல. அத அணைச்சா நாளைக்கு நாங்க எல்லாரும் எங்க போற?"

வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் நானில்லை. "முதலாளி இருந்தா அணைக்க விடுவாரா?" என்று நானும் சத்தம் போட்டேன்.

அப்போது முதலாளியின் மனைவி பூரணம் அக்கா வாசலுக்கு வந்தார். "தம்பி, அணை" என்றார்.

"அக்கா, ஒரு பொழுது தாங்க. மெஷின ஓட்டி உள்ள கிடக்கிறத வடிச்செடுக்கிறன். செங்கல்லாவது மிஞ்சும்."

"அவர் கிடக்கக்குள்ள மெஷின் ஓடப்போகுதா?"

"ஊருக்குப் பயந்து இப்பிடிச் செய்யாதீங்க மச்சாள்" என்று குணம் கெஞ்சினான்.

"ஊருக்கு ஆர் பயந்த? மகள்ற கலியாணத்துக்கு இந்த மனிசன் தாலி கட்டுற நேரம் வந்து நிண்டுட்டு ஓடினார். மண்டூர்த் திருவிழாவுக்கு ஒரு வருசமாவது என்னோட வந்தாரா? நெஞ்சு நோகுது எண்டார். ஆசுபத்திரிக்கு வாங்க எண்டன். பேர்னர் சரியில்ல, மறுகா போவம் எண்டார். இனி எங்க போற? அணை தம்பி. இண்டைக்காவது அவர் அதப் பாக்காமக் கிடக்கட்டும்."

குணம் தலையைக் குனிந்துகொண்டான். நான் போய் வால்வை மூடினேன். பேர்னரின் இரைச்சல் நின்றதும் பந்தலில் அழுகிற சத்தம் பக்டரிக்குள் கேட்டது. அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நானும் அழுதேன். முதலாளிக்காகவா, என் பிழைப்புக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

3. அதற்குப் பிறகு

எட்டாம் நாள் சடங்கு முடிந்து போறணையின் கதவைத் திறந்தோம். கண்ணாடி பச்சைப் பாறையாக இறுகிக் கிடந்தது. செங்கல் அடியோடு பிளந்திருந்தது. குணம் வீட்டுக்குள் போனான். வேலை செய்தவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். நான் இப்போது ஓர் அரிசி மில்லில் இருக்கிறேன். பொழுதுபடச் சுவிட்சைத் தட்டினால் நிற்கிற மெஷின்.

அக்காவோடு எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். அவர் சொன்னதில் பிழை இருக்கிறது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சம்பளத்தைக் கேட்கிறீர்கள், சரி. அங்கே இருக்கிற மெஷினை நிறுத்த முடியுமா என்பதையும் கேளுங்கள்.

இந்த வருடம்தான் முதன்முதலாக மனைவியோடு மண்டூர்த் திருவிழாவுக்குப் போனேன். சனத்துக்குள் நிற்கும்போது அவள் பழக்கதோஷத்தில், "நேரமாகுது, நீங்க போறணைக்குப் போகல்லியா?" என்றாள்.

"போறதுக்கு இடமில்ல" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.