எனக்கு வாங்கிய பற்றரிச் சைக்கிள்

மின்சாரத்தில் ஓடும் பற்றரிச் சைக்கிள் வாங்கப் போனபோது நான் செய்த முதல் பிழை, கணவரையும் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான். அவர் நல்ல உயரம். நான் இத்தனை வருடமாகப் படிப்பித்தும் கரும்பலகையின் மேல்பாதியைத் தொட்டதில்லை.

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு ஒருவரை மட்டும் பார்த்தார்.

“அண்ணை, ஏறி இருந்து பாருங்கோ.”

அண்ணை ஏறி இருந்தார். சீற்றை உயர்த்தினார்கள், ஹாண்டிலை உயர்த்தினார்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, முதுகு வளைகிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்கள். கலியாணக் கோட்டுக்குக்கூட அவருக்கு இவ்வளவு கவனமாக யாரும் அளவெடுக்கவில்லை.

“தம்பி, ஓடப்போறது நான்” என்றேன்.

“ஓமக்கா, அதுக்கென்ன, வீட்டை போய் சீற்றைக் கீழை பதிச்சுவிடலாம்” என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் சாவியை அண்ணையின் கையில் கொடுத்தார். காசு கொடுத்தது நான்.

நான் கரம்பொனிலிருந்து வேலணைக்குப் பள்ளிக்கூடம் போகிறவள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இடையில் உள்ள வெட்டவெளியில் சாதாரண சைக்கிளை மிதித்தால் போன இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் அதுவரை கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஏறிப் போனேன். அவரோ தேத்தண்ணி குடித்து, கைத்தொலைபேசியில் உலகத்தின் நிலைமையைத் தெரிந்துகொண்டு, மீசையைச் சரிபார்த்துத்தான் புறப்படுவார். நான் போய்ச் சேரும்போது அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுத்திருப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்கும்போது எனக்கு அழுகை வரும். பிந்தி வருகிற பிள்ளைகளை வாசலில் நிறுத்திக் கண்டிக்கிறதும் நான்தான். யாருக்காகவும் படலையில் காத்து நிற்காமல், அந்தக் கோடு விழமுன் போய்ச் சேர வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் சீற்றை என் உயரத்துக்குப் பதித்தேன். பொலித்தீனை உரிக்கத்தான் கணவர் விடவில்லை. எங்கள் ஊரில் எந்தப் புதுச் சாமானும், திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்கள் கண்ணால் காணும்வரை பொலித்தீனுக்குள்தான் இருக்கும். எங்கள் கதிரைகளில் இருந்து எழும்பும் விருந்தாளிகள் இன்றைக்கும் சரசரவென்றுதான் எழும்புகிறார்கள்.

முதல் நாள் காலை பறந்து போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டுக்கு மேலே, முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தேன்.

அன்று பின்னேரம் கணவர், “சும்மா சந்தி மட்டும் ஓடிப் பாக்கிறன்” என்றார். போகும்போதே சீற்றை உயர்த்தினார். சந்தியில் நின்றவர்களும் ஆளுக்கொரு சுற்று ஓடிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு தடவை உயர்த்தியும் பார்த்தார்கள். பெண்ணின் உயரத்தில் குந்தியிருந்து ஓடினால் ஆம்பிளைத்தனத்தில் ஏதோ குறைந்துவிடும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. என் தோளுக்குக் கிட்டவாக உயரம் வரும் ஒருவர்கூட சீற்றை உச்சிக்கு ஏற்றி, நுனிக்காலால் எட்டி மிதித்து, மாடு குறுக்கே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு ஓடினார்.

அது தினசரி வழக்கமாகிவிட்டது. வீட்டில் ஒரு போத்தல் மூடியைக்கூட இறுக்கி மூடாத மனிதர், சீற்றை இறுக்கும் அந்தப் பிடியில் மட்டும் தன் முழுப் பலத்தையும் காட்டுவார். காலையில் அதைக் கழற்றப் போராடி விரல் நோகும். சிவப்புக் கோடு திரும்ப விழத் தொடங்கியது.

ஒரு நாள் அவசரத்தில், பிடியோடு மல்லுக்கட்டாமல் அப்படியே ஏறிவிட்டேன். வெட்டவெளியில் மாடுகள் வீதியை மறித்துப் படுத்திருந்தன. பிரேக்கைப் பிடித்தேன். கால் நிலத்துக்கு எட்டவில்லை. பொலித்தீன் வழுக்க, சேலையோடு மண்ணில் கிடந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் வந்த பஸ் பக்கத்தால் மெதுவாகப் போனது. எல்லா ஜன்னலிலும் தலை.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கணவர் பதறிப்போனார்.

“ஐயோ, சைக்கிளுக்கு ஒண்டுமில்லையே?”

எனக்கு முழங்கை எரிந்ததைவிட வயிறு எரிந்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வெல்டிங் கடைக்குப் போனேன். சீற்றை என் அளவுக்கு இறக்கி, பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயோடு சேர்த்து ஒட்டிவிடச் சொன்னேன். கடைக்காரர் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார்.

“ஒட்டினா பிறகு உயர்த்தேலாது ரீச்சர். அண்ணைக்குத் தெரியுமோ?”

“சைக்கிள் என்ரதல்லோ?”

“அது சரி. எண்டாலும் அண்ணையிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாங்கோவன்.”

இந்த மனிதரோடு வாதாடினால் பொழுதுதான் படும் என்று தெரிந்தது. “அவர்தான் சொல்லிவிட்டவர்” என்றேன்.

“முதலே சொல்லியிருக்கலாமே!” என்று உடனே பற்றரியைக் கழற்றி அப்பால் வைத்தார். தீப்பொறி பறந்தது. நான் பொலித்தீனையும் உரித்து அங்கேயே போட்டேன்.

பின்னேரம் பிடியைத் தேடிய கணவர் விசயமறிந்ததும் துள்ளினார். “நான் எப்ப சொன்னனான்? உவனை இண்டைக்கு விடமாட்டன்” என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் சத்தமில்லாமல் திரும்பி வந்தார். கடைக்காரர் அதற்குள் சந்தி முழுவதும் சொல்லி முடித்திருந்தாராம். அண்ணை மனுசிக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்விக்கிறார் என்று எல்லாரும் புகழ்ந்தார்களாம். அவர் இனி என்ன செய்வார்? தான் சொல்லவில்லை என்றால், மனுசி தன்னைக் கேட்காமல் செய்துவிட்டாள் என்று சந்தியில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அவர் நாலு பேருக்கு விளங்கப்படுத்துவதைக் கேட்டேன். “நான்தான் ஒட்டச் சொன்னனான். வாகனமெண்டா ஓடுற ஆளின்ர அளவுக்கு இருக்கவேணும். உங்களுக்கு உது விளங்காது.” நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

இப்போது கோட்டுக்கு மேலேதான் என் கையெழுத்து. போன கிழமை, புதிதாகப் பற்றரிச் சைக்கிள் வாங்கிய இன்னொரு ரீச்சர் என்னிடம் வந்தார். அவருடைய சீற்றும் காலையில் உச்சியில்தான் நிற்கிறதாம்.

“ஒட்டித்தரச் சொன்னா அந்தக் கடைக்காரர் செய்வாரோ அக்கா?”

“கட்டாயம் செய்வார்” என்றேன். “அவர்தான் சொல்லிவிட்டவர் எண்டு மட்டும் சொல்லும்.”