திரும்பாத சிப்பாய்

நைனாவின் போன் மறுபடியும் 'டொய்ங்' என்றது. செஸ்ஸில் தப்பாகக் காய் நகர்த்தினால் அப்படித்தான் கத்தும். அடுப்படியில் நின்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆறாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து அவருக்குச் செஸ் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். குழி விளிம்பில் செஸ் பலகை. வீடெல்லாம் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாசனை.

"முதல்ல நடுச் சிப்பாய நகத்து நைனா. அப்புறம் குதிரை, மந்திரி" என்பேன். அவரோ ராஜாவுக்கு மறைப்பாக நிற்கும் சிப்பாய்களையே ஒவ்வொன்றாக முன்னால் தள்ளுவார். ராஜா அம்போ என்று நிற்பார். நான் ராணியை இறக்கி 'செக்' வைத்ததும், தள்ளிய சிப்பாயைக் கூச்சமே இல்லாமல் பின்னால் இழுப்பார்.

"சிப்பாய் பின்னால வராது நைனா! எத்தினி வாட்டி சொல்றது?"

"அதெப்படிமா? தறியில நாடா நூல இழுத்துக்கினு அந்தக் கோடிக்குப் போனா இந்தக் கோடிக்கு வந்தாத்தான் சேலை. போனது வராதுன்னா அது இன்னா ஆட்டம்?"

பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், காய்களைப் பொறுக்கி அடுக்கி வைத்துக்கொண்டு, "வாம்மா" என்பார்.

மறுபடியும் 'டொய்ங்'. பொறுக்கமாட்டாமல் போய்ப் பார்த்தேன். ராஜாவுக்கு முன்னால் ஒரு சிப்பாய்கூட இல்லை. தள்ளிவிட்ட ஒன்றை விரலால் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் போனும் உன்ன மாதிரியே அடம் பிடிச்சிக்கினு இருக்குது" என்றார். "நீயாவது கோச்சிக்கினு போனா திரும்பி வந்துடுவே."